என்பை ஆக்குவதும் அடக்குவதும்

1889 ஆம் ஆண்டிற் சிக்காகோச் சத்திரசிகிச்சை நிபுணர் நிக்கலஸ் சென், அமிலத்தாற் கல்சியம் நீக்கிய மாட்டென்பைக் கொண்டு நோயாளரின் என்புக் குழிகளை நிரப்பினார். கிருமிநீக்கியை அவ்விடத்திற் தாங்கி நிற்கும் பொருளொன்றே அவருக்கு வேண்டியிருந்தது. குழிகளிற் புதிய என்பு வளர்ந்தமை எதிர்பாராத பயன்.

அதன் காரணத்தைத் தேடியவர் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் மார்சல் யூரிஸ்ற். கல்சியம் நீக்கிய என்புத் துண்டுகளை அவர் முயல் முதலிய விலங்குகளின் தசையினுட் பதித்தார். சில வாரங்களில் அத்தசையிலேயே என்பு தோன்றிற்று. அதனை ஆக்கியவை பதிக்கப்பட்ட துண்டின் கலங்களல்ல, அவை இறந்தவை. விலங்கின் சொந்தக் கலங்களே என்பாக்குங் கலங்களாக மாறியிருந்தன. 1965 இல் இம்முடிவை வெளியிட்ட யூரிஸ்ற், தூண்டும் பொருளுக்கு 1971 இல் என்புருவாக்கற் புரதம் எனப் பெயரிட்டார். என்பில் அது மிக அற்பமாகவே உள்ளமையாற் பிரித்தெடுப்பது அரிதாயிற்று. 1988 இலேயே வொஸ்னி குழுவினர் அதன் பரம்பரையலகுகளை இனங்கண்டனர்.

வரலாற்றை இவ்விடத்தில் முடித்துவிடுவது பலரது வழக்கம். பாதிக் கதையே அது என்பது எமது கருத்து. 1992 இல் பேர்க்கிலியில் சிமித், ஹார்லன்ட் என்போர் தவளை முளையங்களில் ஒரு புரதத்தைக் கண்டனர். அது மிகுந்தால் முளையத்தின் தலை பெருத்தது. எனவே தலையைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சுவழக்குச் சொல்லான ‘நொக்கின்’ அதன் பெயராயிற்று. என்புக்கும் அதற்கும் உறவுண்டென அன்று எவர் நினைத்திருப்பர்? 1996 இல் உண்மை வெளிப்பட்டது: நொக்கின் என்புருவாக்கற் புரதத்தைப் பற்றிப் பிணைத்து, கலத்தின் வாங்கியை அது அடையாது தடுக்கிறது. நொக்கின் அற்ற சுண்டெலிகளிற் கசியிழையம் மிதமிஞ்சி வளர, மூட்டுகள் தோன்றவேயில்லை என்பது 1998 இல் அறியப்பட்டது. அதே ஆண்டிற் கனாலிஸ் குழுவினர் இன்னும் நுட்பமானதொன்றைக் காட்டினர். எலியின் என்பாக்குங் கலங்களுக்கு அப்புரதத்தை ஊட்டியபோது, அக்கலங்களே நொக்கினைச் சுரந்தன. தூண்டப்படும் கலமே தூண்டலுக்குரிய கடிவாளத்தையும் ஆக்குகிறது! யூரிஸ்ற்றின் கண்டுபிடிப்புக்கு இது எவ்வகையிலுங் குறைந்ததன்று.

மருத்துவத்தில் இதன் பெறுமதி பெரிது. 2002 இல் அமெரிக்காவில் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்ட இப்புரதம் மில்லிகிராம் அளவிற் பயன்படுத்தப்பட்டது. உடலின் இயல்பான அளவோ அதனினும் மிகச் சிறிது. கழுத்துப் பகுதியில் இட்டபோது உயிராபத்தான வீக்கம் ஏற்பட்டமையால் 2008 இல் எச்சரிக்கை விடுக்கப்பட்டது.

தசைகள் படிப்படியாக என்பாகும் அரிய பரம்பரை நோயொன்றும் உண்டு. அதன் காரணம் இப்புரதத்தின் வாங்கியொன்றில் நிகழும் விகாரமென 2006 இல் அறியப்பட்டது. விகாரமுற்ற வாங்கி, நொக்கினாற் பிணைக்கப்படாத அக்ரிவின் ஏ என்னும் வேறொரு புரதத்துக்கும் இணங்கி என்பாக்கத்தைத் தொடக்குகிறதென்பது 2015 இல் தெளிவாயிற்று. மிகை என்பைச் சத்திரசிகிச்சையால் அகற்றவும் இயலாது. வெட்டிய காயத்திலேயே மீண்டும் என்பு வளர்கிறது.