திருவள்ளுவர் படம் யாருடையது?

போன வருடம் படிவம் நான்கு மாணவி ஒருத்தி பள்ளி இதழுக்குக் கட்டுரை கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் திருவள்ளுவர் படம். "எங்கேம்மா எடுத்த?" என்று கேட்டேன். "கூகல்ல சும்மா கெடச்சது டீச்சர். வள்ளுவர் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி உள்ளவர்தானே, யாரு கேக்கப் போறா?" என்றாள். நானும் சரியென்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது.

குறள் பழையது, படம் பழையது அல்ல. நாம் எல்லாரும் அறிந்த அந்த வள்ளுவரை வரைந்தவர் ஓவியர் கே. ஆர். வேணுகோபால் சர்மா. 1964-இல் அன்றைய இந்தியத் துணைக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் அதைச் சென்னைச் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார். பிறகு அரசு அலுவலகங்களுக்குப் போனது. கடல் கடந்து நம் தமிழ்ப்பள்ளிச் சுவர்களுக்கும் வந்தது. சர்மா 1989-இல் காலமானார்.

இனிக் கணக்குப் போடுவோம். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்துக்கான உரிமை வரைந்தவரின் வாழ்நாளும் அதன்பின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். அப்படியானால் 2039 முடியும் வரை. இந்தியாவில் 60 ஆண்டுகள். 1990-இல் மலேசியா பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதனால் வெளிநாட்டார் படைப்புக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. ஓர் அரசு படத்தை ஏற்றுக்கொண்டது என்பதும், எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒன்றல்ல.

அப்படியென்றால் எந்தப் படத்தைத்தான் எடுப்பது? ஒரு படம் நம் கைக்கு முறையாக வர மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, காலம். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அடித்தளக் கல்வெட்டுகளையும் விடவில்லை. 21 படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டினார். அவர் இறந்தது 1902-இல். உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சோழர் பாடத்துக்கு இதைவிட நல்ல படம் வேண்டுமா? பிரிட்டிஷ் நூலகமும் 2013-இல் பழைய நூல்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை இணையத்தில் பொதுவில் வைத்தது.

இரண்டாவது, கொடை. 2002-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. 'எடுத்துக்கொள், ஆனால் என் பெயரைப் போடு' என்று படைத்தவரே சொல்லிவிடும் முறை இது. சிலர் 'விற்காதே', 'மாற்றாதே' என்றும் சேர்ப்பார்கள். 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸில் இத்தகைய படங்கள் குவிந்துள்ளன. 2011-12-இல் தமிழ் விக்கிப்பீடியர்கள் போட்டி வைத்தே ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்தார்கள்.

மூன்றாவது, சட்டம் தரும் சலுகை. நம் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, தேர்வுக் கேள்வி தயாரிக்கவும் விடை எழுதவும் பிறர் படைப்பைப் பயன்படுத்த விடுகிறது. கற்பித்தலுக்கும் நியாயமான அளவில், மூலத்தைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த இடமுண்டு. ஆனால் அதே படத்தைப் பயிற்றியில் போட்டு விற்றால் கதை வேறு.

மாணவர்களே, வரலாற்றுக் கோப்பு தயாரிக்கும்போது 'நன்றி: கூகல்' என்று எழுதாதீர்கள். கூகல் தேடித் தரும் கருவி; படம் அதனுடையது அல்ல. படத்தைச் சொடுக்கி அது இருக்கும் பக்கத்துக்கே போங்கள். தலைப்பு, படைத்தவர், ஆண்டு, எடுத்த இடம், உரிமம் ஆகிய ஐந்தையும் படத்தின் கீழ் ஒரே வரியில் எழுதுங்கள். வரலாறு படிப்பவருக்குச் சான்றின் மூலம் கேட்பது பழக்கமாக வேண்டும். படமும் ஒரு சான்றுதானே!

அந்த மாணவியிடம் மறுநாள் நடந்ததைச் சொன்னேன். பள்ளிச் சுவரில் எழுதியிருந்த குறளைக் கைப்பேசியில் அவளே படமெடுத்தாள். இதழில் அதுதான் வந்தது, கீழே அவள் பெயரோடு.

ஆசிரியர் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன் வீடுகளும் குறைந்துவருகின்றன. அவற்றைத் தேடினால் நாம் எடுத்து நாமே பொதுவில் வைத்த படங்கள் சொற்பம். அடுத்த விடுமுறையில் மாணவர்களை அனுப்பி, மிச்சமிருக்கும் தோட்டத்துக் கோயிலையும் பழைய பள்ளியையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பெயரும் தேதியும் போட்டுப் பொதுவில் வையுங்கள். நாளைக்கு நம் வரலாற்றை எழுதுகிறவன் படத்துக்குக் கையேந்தக் கூடாது.