ஸ்குரூ டிரைவரும் ஸ்கேனரும்

நம் ஆட்டோமொபைல் லேபில் பாதியாக வெட்டி வைத்திருந்த கார்புரேட்டரைப் பார்க்காமல் யாரும் பாஸாகியிருக்க முடியாது. அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 எல்லாமே முதலில் கார்புரேட்டரை நம்பி ஓடியவைதான். என்ஜின் 'மிஸ்' அடித்தால் அந்தக் கால மெக்கானிக் ஓடுகிற என்ஜினிலேயே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர் படுத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம், இளம்பழுப்பு என்றால் கவலையில்லை. ஸ்குரூ டிரைவர் முனையை என்ஜினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்தால் அதுவே ஸ்டெதஸ்கோப். இதுக்கெல்லாம் எந்த சிலபஸ் இருந்தது?

கம்ப்யூட்டரைக் காருக்குள் கட்டாயமாக்கியது புகைப் பிரச்சினை. புகைமூட்டத்தில் திணறிய கலிபோர்னியா, 1988 மாடல் முதல் கார் தன் கோளாறைத் தானே சொல்ல வேண்டும் என்றது. கம்பெனிக்கு ஒரு சாக்கெட், ஒரு கோட் என்று குழப்பியதால், 1996 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரி 16 பின் சாக்கெட் வந்தது. அதுதான் ஓ.பி.டி.-2. இந்தியாவில் 2010, 2013 என இரண்டு கட்டமாக வந்தது.

சரி, கோட் என்னதான் சொல்லும்? பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. ஒயரைப் பிடுங்கிய நம்ம ஆளுக்குக் கிடைத்ததும் இதே தகவல்தானே! (மாணவத் தம்பிகளே, இன்றைய என்ஜினில் அப்படிப் பிடுங்காதீர்கள், ஷாக்கும் அடிக்கும், கேட்டலிடிக் கன்வர்ட்டரும் போகும்.) பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம். ரப்பர் ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இந்தக் கோட் வரும். அதைத் தேடாமல் ஆக்சிஜன் சென்ஸரை மாற்றி பில் போடுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. ஆனால் எப்போதோ வந்து மறைகிற கோளாறை, எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வந்தது என்று ஸ்கேனர் எடுத்துக் காட்டும். எந்தக் காதும் அதைச் செய்யாது.

என்னைக் கேட்டால், சண்டை கருவிக்கும் கைத்திறனுக்கும் நடுவில் இல்லை. கருவி யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் டயக்னாஸ்டிக் கருவிகளும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தாராளமாகக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே காரணம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2012-ல் மக்களே ஓட்டுப் போட்டு, பழுது பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள்.

பொதுவான கோடுகளை இன்று மலிவான ரீடரே படித்துவிடும். ஏர்பேக், ஏ.பி.எஸ்., சாவி கோடிங் என்று வந்தால் அது போதாமல் போகிறது. முப்பது வருஷம் கை கறுத்த மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டு, "ஷோரூம்ல காட்டிடுங்க சார்" என்கிறார்.