1969இல் கிளம்பிப் போன இரண்டு பெண்கள்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த காலத்தில், பாடநூல் தேடிப் போன ஒருநாள் அங்கே ஷெர்லி லிம் எழுதிய தன்வரலாறு கையில் சிக்கியது. 'அமாங் தி ஒயிட் மூன் ஃபேசஸ்'. 1996இல் வந்த நூல். அமெரிக்கப் பதிப்பின் துணைத்தலைப்பில் அவர் ஆசிய அமெரிக்கர். நான் வாங்கிய சிங்கப்பூர்ப் பதிப்பில் அவர் நோன்யா பெண்ணியவாதி. ஒரே புத்தகம்தான். அங்கே விற்க ஓர் அடையாளம், இங்கே விற்க இன்னோர் அடையாளம். இந்த வேடிக்கைக்காகவே வாங்கினேன். வாசிக்க ஆரம்பித்த பிறகு வேடிக்கையாக இல்லை.

லிம் 1944இல் மலாக்காவில் பிறந்தவர். நோன்யாவான அம்மா அவரிடம் பேசியது மலாய். அப்பா வீட்டார் பேசியது ஹொக்கியன். சினிமாப் பிரியரான அப்பா, ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் பெயரை மகளுக்கு வைத்தார். கான்வென்ட்டில் கிடைத்தது ஆங்கிலம். ஹொக்கியன் பேசாத பிள்ளை என்பதால் சீனர்களே அவரை மலாய்ப் பேய் என்று கேலி செய்திருக்கிறார்கள். அவருக்கு எட்டு வயதானபோது அம்மா குடும்பத்தை விட்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டார். பசியும் அடியுமாக வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவை ஆங்கிலப் புத்தகங்கள். தாய்மொழி என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தாய் கிளம்பிப் போய்விட்டால் அந்த மொழி யாருடையது? லிம்மின் நூல் முழுக்க இந்தக் கேள்விதான் ஓடுகிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறிய லிம், 1969இல் உபகாரச் சம்பளத்தோடு அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மே 13 கலவரம் நடந்த அதே ஆண்டு. 1971இல் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. அதன் பிறகு மலாயில் எழுதப்படுவதே தேசிய இலக்கியம், மற்ற மொழிகளில் எழுதுவதெல்லாம் அந்தந்த இனத்தின் இலக்கியம் என்ற பாகுபாடு நிலைபெற்றது. அந்த இரண்டாவது பெட்டிக்குள் ஆங்கிலம், சீனம், தமிழ் மூன்றும் ஒன்றாகத்தான் கிடந்தன. ஆனால் ஆங்கிலத்துக்கு மட்டும் வெளியே ஒரு கதவு இருந்தது. 1980இல் லிம்மின் முதல் கவிதைத் தொகுப்பு காமன்வெல்த் கவிதைப் பரிசை வென்றது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். விட்டுவந்த மே 13க்கு அவர் 2001இல் 'ஜோஸ் அண்ட் கோல்ட்' நாவலில் திரும்பி வந்தார்.

1969இல் கிளம்பிய இன்னொரு பெண்ணையும் எனக்குத் தெரியும். என் பாட்டியின் தங்கை, எங்களுக்குச் சின்னப்பாட்டி. சுங்கைப்பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். அவர் கணவர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், சிவப்பு ஐசிக்காரர். குடியுரிமைக்கு மனுப் போடச் சரியான பத்திரமும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. மே 13க்குப் பிறகு அதை இறுக்கினார்கள். பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறினார்கள். புருஷன் பின்னால் சின்னப்பாட்டியும் இரண்டு பிள்ளைகளோடு பினாங்கில் கப்பலேறினார். பார்த்தே இராத ஒரு நாட்டுக்குப் 'திரும்பி'ப் போனார்.

அங்கே ஊரில் அவருக்குப் பெயர் மலாயாக்காரி. லிம்மை மலாய்ப் பேய் என்று சொன்ன அதே குரல்தான் இதுவும். சொந்த சனமே வெளியே நிறுத்திப் பேசும் குரல்.

லிம் சொகுசாகக் கிளம்பினார் என்று சொல்ல வரவில்லை. அவரும் பட்டினி கிடந்தவர். வித்தியாசம் ஒன்றுதான். அவர் கையில் பேனா இருந்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்களிடம் அது இல்லை. ஈப்போ தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை, பிரான்சில் வாழும் பிரீத்தா சமரசன் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' என்ற ஆங்கில நாவலாக 2008இல் எழுதினார். அதில் பழி சுமந்து வீட்டைவிட்டு அனுப்பப்படுபவள் வேலைக்காரப் பெண் செல்லம். வாசிக்கும்போது எனக்குத் தோன்றியது இதுதான்: செல்லம் தானே எழுதியிருந்தால் அது எந்த மொழியில் இருந்திருக்கும்?

சின்னப்பாட்டியிடமிருந்து கடிதங்கள் வந்தன. எல்லாம் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும். "அவ எங்க எழுதுனா? யாரோ எழுதிக் குடுத்தது. அவ பேச்சே அதுல இல்ல" என்பார் பாட்டி. ஒரு கடிதத்தில் மட்டும், அங்கிருந்து வருகிறவர்களிடம் பலாச்சுளை கொடுத்தனுப்பவும் என்று இருந்ததாம். வீட்டில் யாருக்கும் புரியவில்லை. பாட்டிதான் கண்டுபிடித்தார். "பலாச்சுளைய யாராச்சும் கப்பல்ல குடுத்தனுப்புவாங்களா? அது பெலாச்சான்டா!" எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை, தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டார். இத்தனை கடிதங்களில் தங்கச்சியின் குரல் கேட்டது அந்த ஒரு பிழையில்தான் என்று பாட்டி இன்றைக்கும் சொல்கிறார்.

சின்னப்பாட்டி இப்போது இல்லை. பாட்டிக்கு 87 வயது, பெயர்கள் மறக்க ஆரம்பித்துவிட்டன. போன தீபாவளிக்குக் கைப்பேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்தேன். தோட்டம், கப்பல், சிவப்பு ஐசி எல்லாம் மலாயும் தமிழுமாகக் கலந்து வந்தன. வீட்டுக்கு வந்து அதை எழுத உட்கார்ந்ததும் என் கை தன்னால் திருத்தத் தொடங்கியது. 'பெர்மிட்' இருந்த இடத்தில் 'அனுமதிச் சீட்டு' என்று எழுதியிருந்தேன்.

அடித்துவிட்டு மறுபடி 'பெர்மிட்' என்றே எழுதினேன். மீதிப் பதிவையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.