டெபிசிட் ரவுண்ட் ராபின்

டெபிசிட் ரவுண்ட் ராபின் என்பது ரூட்டரில் ஒரே இணைப்புக்காகப் போட்டியிடும் தரவு ஓட்டங்களுக்கு அதன் கொள்ளளவை நியாயமாகப் பங்கிடும் முறை. எம். ஸ்ரீதரும், செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வர்கீஸும் 1995-இல் சிக்காம் மாநாட்டில் இதை முன்வைத்தனர்.

பின்னணி

வந்த வரிசையிலேயே பாக்கெட்டுகளை அனுப்பும் ரூட்டரில், மிகுதியாக அனுப்பும் கணினியே இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு கணினிக்கும் தனி வரிசை வைத்து, சுற்றுமுறையில் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுக்கலாம் என்று ஜான் நேகிள் 1985-இல் எழுதினார். அதிலும் பெரிய பாக்கெட் அனுப்புபவருக்கே கூடுதல் பங்கு கிடைத்தது. ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேஷவ், ஸ்காட் ஷெங்கர் ஆகியோர் 1989-இல் இக்குறையைத் தீர்த்தனர். பிட் பிட்டாக மாறிமாறி அனுப்பினால் எந்தப் பாக்கெட் முதலில் முடியும் என்று கணக்கிட்டு, அதையே முதலில் அனுப்புவது அவர்கள் வழி. ஆனால் முடிவு நேரங்களை வரிசைப்படுத்தும் வேலை, வரிசைகள் பெருகப் பெருகக் கூடியது. நொடிக்கு 10 ஜிகாபிட் இணைப்பில் 1,500 பைட்டு பாக்கெட் ஒன்று 1.2 மைக்ரோநொடியில் போய்விடும். முடிவெடுக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

செயல்முறை

டெபிசிட் ரவுண்ட் ராபினில் ஒவ்வொரு ஓட்டத்தின் வரிசைக்கும் ஒரு மிச்சக் கணக்கு உண்டு. முறை வரும்போதெல்லாம் அதில் ஒரு நிலையான ஒதுக்கீடு சேரும். முன்னால் நிற்கும் பாக்கெட் அந்த இருப்புக்குள் அடங்கினால் அனுப்பப்படும். அதன் அளவு கழியும். ஒதுக்கீடு 1,500 பைட்டு, காத்திருப்பவை 1,000, 900, 600 பைட்டு பாக்கெட்டுகள் என்று கொள்வோம். முதல் சுற்றில் 1,000 பைட்டு பாக்கெட் போகும், மிச்சம் 500. அடுத்த சுற்றில் இருப்பு 2,000 ஆகும். மற்ற இரண்டும் போய்விடும். வரிசை காலியானதும் மிச்சம் பூஜ்ஜியமாக்கப்படும். சும்மா இருந்தவர் உரிமையைச் சேர்த்துவைக்க முடியாது.

ஒதுக்கீடு மிகப்பெரிய பாக்கெட்டின் அளவுக்குக் குறையாதிருந்தால், வரிசைகள் எத்தனையானாலும் ஒரு பாக்கெட்டுக்கான வேலை மாறாது. இம்முறையின் தலையாய சிறப்பு இதுவே.

குறையும் பயன்பாடும்

தாமதம் இதன் பலவீனம். நொடிக்கு 10 மெகாபிட் இணைப்பில் 100 வரிசைகள் தலா 1,500 பைட்டு அனுப்பினால், ஒரு சிறு குரல் பாக்கெட் ஏறத்தாழ 120 மில்லிநொடி காத்திருக்க நேரும். இதன் திருத்திய வடிவத்தைப் பயன்படுத்தும் எஃப்கியூ-கோடல் முறை, புதிதாகத் தொடங்கும் ஓட்டங்களுக்கு முன்னுரிமை தந்து இத்தாமதத்தைக் குறைக்கிறது. 2012 முதல் லினக்ஸ் கருவில் இடம்பெற்றுள்ள அம்முறை, 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆவணமாக வெளியானது.