மோஸஸ் ஈட்டனின் பெட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பிரதேசத்தில், கடல் கடந்து வந்த சுவர்க்காகிதத்தை வாங்கும் வசதி இல்லாதிருந்தும் வெறுஞ்சுவரோடு வாழ மனம் ஒப்பாத குடியானவர்கள், ஊர் ஊராகச் சஞ்சரித்த வர்ணக்காரர்களைத் தங்கள் இல்லங்களுக்கு அழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கருவி ஸ்டென்சில் என்னும் துளையச்சு. தடித்த காகிதத்தை எண்ணெயூட்டி விறைப்பாக்கி, அதில் பூவும் இலையும் கத்தியால் வெட்டியெடுத்தது.

வெட்டுவது எளிதென்று தோன்றும். ஆனால் எழுதிய பூவை எழுதியபடியே வெட்டினால் அதன் நடுப்பகுதி கழன்று விழுந்துவிடும். ஆகையால் இதழுக்கும் இதழுக்கும் இடையே, இலையின் நரம்பு ஓடும் இடத்தில், மெல்லிய காகித இணைப்பை விட்டே சித்திரத்தைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது. அந்த நிர்ப்பந்தமே, வர்ணம் படாத வெண்கோடுகளாகச் சுவரில் நின்று, இக்கலைக்கு அதன் தனி லட்சணத்தை அளித்தது. சிவப்புக்கு ஒரு தகடு, பச்சைக்கு வேறொன்று. தூரிகையில் ஈரம் மிஞ்சினால் வர்ணம் விளிம்பின் அடியில் கசிந்து உருவத்தைக் கெடுக்குமாதலால், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து ஒற்றினார்கள்.

இதைச் சுவர்க்காகிதத்தின் மலிவான நகல் என்பாருடன் என்னால் உடன்பட இயலவில்லை. காகிதம் எந்த அறையையும் காணாமல் அச்சாவது. இவர்களோ வாயிலையும் ஜன்னலையும் கண்ணால் அளந்து, கூரைக்குக் கீழே அகன்ற கரையும், நெடுக இறங்கும் பட்டைகளும், இடையே உபசாரத்தின் சின்னமாகக் கருதப்பட்ட அன்னாசியும், வில்லோ மரமுமாக, அந்தந்த வீட்டுக்கென்றே அமைத்தார்கள். மூலையில் இடம் போதாமல் ஒரு பூ நெருங்கி நிற்பதும் எனக்கு அழகாகவே தோன்றுகிறது.

பின்னர் இயந்திரத்தால் காகிதம் மலிந்தபோது, இச்சித்திரங்கள் பலவற்றின்மேல் அது ஒட்டப்பட்டது; மறைத்த காகிதமே பல இடங்களில் அவற்றைக் காத்தும் தந்தது. கையொப்பமிடும் வழக்கம் அரிதாயிருந்த இத்தொழிலில், 1796இல் பிறந்த மோஸஸ் ஈட்டன் பெயர் நிலைத்ததற்குக் காரணம், நியூ ஹாம்ஷயரில் அவர் வாழ்ந்த வீட்டின் பரணில் கிடைத்த பெட்டியாகும். ஜேனட் வாரிங் அம்மையார் 1937இல் வெளியிட்ட நூல் அதனை உலகறியச் செய்தது. 8 தூரிகைகளும், 40 சித்திரங்களுக்கான 78 துளையச்சுகளும் அடங்கிய அப்பெட்டி, 'ஹிஸ்டாரிக் நியூ இங்கிலாந்து' என்ற ஸ்தாபனத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.