தமிழில் வைத்தியம் கற்பித்த தொண்டர்

வடமராட்சியில் உள்ள உடுப்பிட்டி என்றதும் கல்விக்கூடங்களே நினைவுக்கு வரும். 1852இல் தோன்றிய அமெரிக்கன் மிஷன் கல்லூரியும் 1868இல் தோன்றிய மகளிர் கல்லூரியும் அமெரிக்க மிஷனரிமாரின் பணியால் விளைந்தவை. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அவர்கள் கல்வியோடு மருந்தையும் கொண்டுவந்தனர். நோயுற்றோரைப் பேணுவது ஆண்டவருக்கே செய்யும் பணி என்பது கிறீஸ்து மதத்தின் போதனை. அப்போதனையை வாழ்வாக்கியவருள் தலையாயவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822இல் அமெரிக்காவிற் பிறந்த கிறீன், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மிஷனின் மற்றொரு நிலையமான மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். உள்ளூர் இளைஞருக்கு மேலைநாட்டு வைத்தியமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலமே போதனாமொழி. ஆயின், ஆங்கிலத்திற் கற்றுத் தேறியவர்களை அரசாங்க உத்தியோகம் ஈர்த்தது. வைத்தியர் பெருகினும் கிராமத்து நோயாளிக்குப் பயன் யாது? இதனை உணர்ந்த கிறீன், 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தலானார்.

பாடத்திற்கு நூல்கள் வேண்டும். நூல்களுக்குக் கலைச்சொற்கள் வேண்டும். கிறீன் தமிழைக் கற்று, மாணவர் துணையோடு அவற்றை ஆக்கினார். 1852இல் 'அங்காதிபாதம்' வெளிவந்தது. 1867இல் 'இரணவைத்தியம்' வந்தது. அவர் முயற்சியால் ஏறக்குறைய நாலாயிரம் பக்க வைத்திய நூல்கள் தமிழுக்குக் கிடைத்தன. மதம் மாறியோர் மேலைநாட்டு நடையுடைகளைப் பின்பற்றுவதை அவர் விரும்பவில்லை.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் மறைந்த அவரது கல்லறை, அவரைத் தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்றே குறிக்கின்றது. மருந்து கொடுப்பவன் ஒருநாள் போய்விடுவான். கற்பித்த வித்தை ஊரிலே நிலைக்கும். அதனை அறிந்து செய்ததே கிறீனின் தொண்டு.