கத்திக்கு முன் காந்தம்

வாசகர்களே, மலத்தோடு இரத்தம் கசிந்தால் நம் பக்கத்தில் முதலில் சொல்லப்படும் சொல் 'மூலம்' என்பதே. உசிலம்பட்டி, மேலூர் கிராமங்களில் மட்டுமன்று, மதுரை நகருக்குள்ளேயே பலர் துத்திக் கீரையையும் கருணைக் கிழங்கையும் நம்பி மாதக் கணக்கில் நாளைக் கடத்துகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். ஆனால் சிலருக்கு மலக்குடல் புற்றுநோயாக இருந்துவிடுகிறது. அப்போது நோயாளி கேட்பவை இரண்டு: "பிழைப்பேனா? வயிற்றில் பை கட்டிக்கொண்டுதான் வாழ வேண்டுமா?" இக்கேள்விகளுக்கு அறுப்பதற்கு முன்பே விடை தேட இன்று ஒரு காந்தம் துணை செய்கிறது. அது எப்படி வந்தது என்று பார்ப்போம்.

பெருங்குடலின் கடைசி 15 செ.மீ. அளவான பகுதியே மலக்குடல். இடுப்பெலும்புக் கூட்டின் குறுகிய இடத்தில் அது அடங்கியிருப்பதால் அறுவை எளிதன்று. லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் மைல்ஸ், கீழ்ப்புறமாக மட்டும் அறுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பி வரக் கண்டார். எனவே 1908-ல் வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் அறுத்து, ஆசனவாயோடு சேர்த்து எல்லாவற்றையும் அகற்றும் முறையை வெளியிட்டார். உயிர்கள் பிழைத்தன, வயிற்றில் பை நிரந்தரமாயிற்று.

அடுத்த பெரிய மாறுதல் 1982-ல் வந்தது. மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறையும், அதற்கு வெளியே மெல்லிய சவ்வும் உண்டு. அந்த உறையைக் கிழியாமல் முழுதாக எடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறையும் என்று இங்கிலாந்தின் பில் ஹீல்டு காட்டினார். 1986-ல் லீட்ஸ் நகரின் நோயியல் அறிஞர் ஃபில் குவர்க், அறுத்தெடுத்த பகுதியின் பக்கவாட்டு விளிம்பை எட்டிய புற்றே நோய் திரும்பக் காரணமாகிறது என்று நிறுவினார். விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தூரம்கூட இல்லையென்றால் ஆபத்து.

ஆனால் இந்த ஒரு மில்லிமீட்டர், அறுத்து எடுத்த பிறகல்லவா தெரிகிறது! முன்கூட்டியே அறிய வழியென்ன? அந்த வழி மருத்துவத்திலிருந்து வரவில்லை, இயற்பியலிலிருந்து வந்தது.

தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அது பம்பரம் போலத் தலையாட்டிச் சுழலும். சரியான அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் ஆற்றலை ஏற்று, பின் திருப்பி அனுப்பும். 1946-ல் பர்செல் மெழுகிலும், பிளாக் தண்ணீரிலும் இந்த ஒத்திசைவைக் கண்டதைத் தனித்தனியே வெளியிட்டு, 1952-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் 1951-லேயே ஓடும் திரவத்தில் இந்தக் குறிப்பலை எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து எழுதினார். இரத்த ஓட்டத்தைக் காந்தத்தால் அளக்கும் பிற்கால முறைகளுக்கு அது முன்னோடி.

குறிப்பலை கிடைத்தது, ஆனால் உடலின் எவ்விடத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றினால், அதிர்வெண்ணும் இடத்துக்கு இடம் மாறும் அல்லவா? அந்த அதிர்வெண்ணையே முகவரியாகக் கொண்டு 1973-ல் பால் லாட்டர்பர், இரண்டு நுண்குழாய்த் தண்ணீரின் படத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு இம்முறையை வேகமாக்கினார். இருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியின் புலம், மதுரையில் நம்மைச் சூழ்ந்துள்ள புவிக் காந்தப் புலத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேல். அதில் ஹைட்ரஜன் கருக்கள் வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை சுழல்கின்றன. எக்ஸ் கதிர் இங்கே இல்லை. தண்ணீர் எந்தச் சூழலில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறிப்பலை தேயும் காலம் மாறுவதால், கொழுப்பு வெளுத்தும், தசை கறுத்தும், புற்று இடைப்பட்ட சாம்பல் நிறத்திலும் தெரியும். சுற்றியுள்ள சவ்வோ ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. புற்றுக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள இடைவெளியை மருத்துவர் அளந்து பார்க்கலாம்.

இது நம்பத்தக்கதா? 'மெர்க்குரி' என்ற ஐரோப்பியக் கூட்டாய்வு, 408 நோயாளிகளைப் பற்றிய முடிவை 2006-ல் வெளியிட்டது. விளிம்பு தூய்மையாக இருக்குமென்று படம் கூறிய 349 பேரில் 327 பேருக்கு அது மெய்யாயிற்று.

புற்று சவ்வை நெருங்கியிருந்தால், முதலில் கதிர்வீச்சும் மருந்தும் தந்து சுருக்குவார்கள். பிறகு மீண்டும் படம். சாம்பல் நிறம் போய்க் கறுத்த தழும்பு தெரிந்தால் நற்குறி. இதை ஐந்து படிகளாகப் பிரித்து அதே குழு 2011-ல் ஆராய்ந்தபோது, நன்கு கரைந்தவர்களில் 72 விழுக்காட்டினரும், கரையாதவர்களில் 27 விழுக்காட்டினரும் ஐந்து ஆண்டு வாழ்ந்ததாகக் கணக்கிட்டது.

புற்று முழுதும் மறைந்தால் அறுக்கத்தான் வேண்டுமா? பிரேசிலின் ஆஞ்சலிடா ஹப்ர்-காமா, சிகிச்சை பெற்ற 265 பேரில் புற்று மறைந்த 71 பேரை அறுக்காமல் கண்காணித்த முடிவை 2004-ல் வெளியிட்டார். ஆனால் இதில் எச்சரிக்கை தேவை. பல நாட்டுப் பதிவுகளைத் தொகுத்து 2018-ல் பார்த்தபோது, இவ்வாறு விடப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் புற்று அதே இடத்தில் மீண்டும் முளைத்திருந்தது. தழும்புக்குள் ஒளிந்த சிறு எச்சத்தைக் காந்தமும் தவறவிடக்கூடும். ஆகவே விரல் பரிசோதனையும் உள்நோக்கிக் குழாயும் படத்தோடு சேர்ந்தே செல்ல வேண்டும். நோயாளியும் தவணை தவறாமல் வரவேண்டும்.

வாசகர்களே, நோயை முதலில் கண்டுபிடிப்பது இந்தக் காந்தம் அன்று. ஒரு மருத்துவரின் கையுறை அணிந்த விரலும், சிறு சதைத் துணுக்குச் சோதனையுமே. காந்தத்தின் வேலை அதற்குப் பின்புதான். மெழுகையும் தண்ணீரையும் ஆராய்ந்தவர்கள் தேடித் தந்த அறிவு, கூச்சத்தால் வீட்டிலேயே இருப்பவருக்குப் பயன்படாது. இரத்தம் கண்டால் 'மூலந்தான்' என்று நாமே தீர்ப்பெழுதாமல், அந்த வாரமே மருத்துவரிடம் செல்வோம்.